சும்மா கிடந்தால் எரிவது

கோகிலவாணியின் முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, அதன் ஓரத்தில் தொங்கிய மெல்லிய உறையைக் கழுத்தைச் சுற்றிச் செருகிவிட்டு, ஜெனிட்டா என்ற அந்தப் பெண், நாப்பது நிமிஷம்க்கா, அவ்வளவுதான் என்றாள். தூங்கக் கூடாது, அசையக் கூடாது, பேசக் கூடாது, மனசைப் போட்டு அலட்டிக்காம சும்மா படுத்திருந்தா போதும், விடுற மூச்சை மெஷின் பார்த்துக்கும், எவ்வளவு ஆக்சிஜன் உள்ள போச்சு, எவ்வளவு கரியமில வாயு வெளிய வந்துச்சுன்னு வெச்சு உடம்பு எவ்வளவு எரிக்குதுன்னு அதுவே சொல்லிடும். மூடிக்குள் சின்னதாக ஒரு விசிறிச் சத்தம். தன் மூச்சு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகப்படுவது அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருப்பது. நாற்பத்தொரு வயதில் ஒரு உடற்கல்வி ஆசிரியையைப் படுக்கவைத்து சும்மா இரு என்கிறார்கள், நேற்று ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும், காலையில் காபிகூடக் கூடாது, சொன்னபடியே வந்தாயிற்று, வெளியே நடையில் இரும்பு நாற்காலியில் கணவர் தணிகைவேல் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவளுடைய கைப்பை, அதை அவர் திறந்து பார்த்திருப்பாரா, பார்க்கட்டும், அதில் என்ன இருக்கிறது, விசிலும் கைக்குட்டையும்தான். திறந்திருப்பார். மூச்சைச் சீராக விடு வாணி. அவர் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன. போன வாரம் இதே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் பார்த்து என்ன சாப்பிடறீங்க என்று கேட்டபோது, பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். அவ சொல்றதை அப்படியே எழுதிக்காதீங்க டாக்டர். எங்களுக்குத் தெரியாம சாப்பிடறா. குரலில் கோபமே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். தணிகைவேலுக்குக் கோபம் வராது. மின்வாரியத்தில் மின்திருட்டைக் கண்டுபிடிக்கும் பிரிவில் பதினேழு வருஷமாக இருக்கிறார், யார் வீட்டு வாசலில் நின்றும் சத்தம் போட்டதில்லை, தெருவுக்குப் போகிற கரண்ட் எவ்வளவு, வீட்டு மீட்டர்கள் காட்டுவது எவ்வளவு, இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் எங்கோ கொக்கி இருக்கிறது, தேடினால் கிடைக்கும், சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டையும் அவளையும் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் உள்ள போகுதுன்னா இவ்வளவு எப்படி வாணி வருது என்றார். அன்றைக்கு அது கேள்வியாகத்தான் இருந்தது. அப்போது எடை எழுபத்தொன்பது. இரண்டு சப்பாத்தி, ஒரு கரண்டி சாதம், வேகவைத்த சுண்டல், காலையில் ஒரு மாதம் கஞ்சி மட்டும், ஒரு மாதம் பழம் மட்டும், அப்புறம் மதியம் ஒரே வேளை, ஆறு கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். தைராய்டு மூன்று தடவை பார்த்தாயிற்று, மூன்று தடவையும் சரியாக இருந்தது, சரியாக இருப்பதே குற்றமாகிவிட்டது, தைராய்டும் இல்லேங்கறாங்க, அப்ப என்ன என்பார். இப்போது எண்பத்து நாலு. அவர்தானே, அதே மனிதர்தானே, கல்யாணமான புதுசில் ஆம்பூரில் பிரியாணிக் கடையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, அவள் கத்திரிக்காய்த் தொக்கை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து, நீ சாப்பிடறதைப் பார்த்தா எனக்கு வயிறு நெறையுது என்று சொன்னவர். வெட்கப்படாமல் சாப்பிடுகிற பெண் என்றுதான் பிடித்ததாம். பளு தூக்குகிற பெண் வேண்டாம் என்று அவர் அம்மா சொன்னதற்கு, அதான் வேணும் என்று நின்றாராம். அந்தக் கண்ணும் இந்தக் கண்ணும் ஒன்றுதானா. எந்த நாளில் மாறியது, எந்தச் சாப்பாட்டில், எந்தக் கவளத்தில், நினைத்து நினைத்துப் பார்த்தும் அந்த இடம் பிடிபடவில்லை, பால் திரிகிற நிமிஷத்தை யார் பார்க்கிறார்கள், பார்க்கும்போது திரிந்திருக்கும். ஜெனிட்டா வந்து எட்டிப் பார்த்தாள். முதல் அஞ்சு நிமிஷத்தைக் கணக்குல எடுக்க மாட்டோம்க்கா, அதுவரைக்கும் மனசு அடங்காது எல்லாருக்கும் என்றாள். ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கிறதா.

குளிர்ந்தது. அறையில் ஏசி இருக்கிறது, சரி, ஆனால் அவளுக்கு எப்போதும்தான் குளிர்கிறது. வேலூரில், மே மாசத்தில், தார் உருகி செருப்பில் ஒட்டுகிற ஊரில், ஆசிரியர்கள் அறையில் அவள் மட்டும் காற்றாடிக்குக் கீழே உட்காராமல் தள்ளி உட்காருவாள். விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருக்கும். கணக்கு டீச்சர் ரெஜினா, உங்க உடம்புல இவ்ளோ கொழுப்பு இருந்தும் எப்படி மேடம் குளிருது என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வார்த்தை என்ன, ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வருமே, வளர்சிதை மாற்றம். வளர்வதும் சிதைவதும் ஒரே வார்த்தைக்குள். படிக்கிற காலத்தில் அது அவளுக்கு மனப்பாடப் பகுதி, இரண்டு மதிப்பெண். உடம்புக்குள் யாரும் சொல்லாமலே ஒன்று கட்டிக்கொண்டும் இன்னொன்று இடித்துக்கொண்டும் இருக்கிறதாம், தூங்கும்போதும், செத்துப்போகிற வரைக்கும். அவளுடையதை முதலில் இடித்தவர் பளு தூக்கும் பயிற்சியாளர் குணாளன் சார். அவர் பயிற்சியில் அவள் எடை ஐம்பத்து மூன்று, போட்டியோ நாற்பத்தெட்டு கிலோ பிரிவில். பத்து நாளில் ஐந்து கிலோ. பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவாள், எச்சிலை விழுங்காமல் பாட்டிலில் துப்புவாள், கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூட உதடு நனைகிற அளவுதான். போட்டி முடிந்ததும் வெறிபிடித்துத் தின்று மூன்றே வாரத்தில் ஐம்பத்து நாலு. அடுத்த போட்டிக்கு மறுபடி நாற்பத்தெட்டு. ஏழு வருஷம், எத்தனை தடவை, இருபதா, இருபத்தைந்தா. மாநிலப் போட்டியில் எடை பார்க்கும் அறையில் இருநூறு கிராம் கூட இருந்தது. இன்னும் கால் மணி நேரம்தான். குணாளன் சார் யாரிடமோ கத்திரி வாங்கிக்கொண்டு வந்து, திரும்பு என்றார். இடுப்பு வரைக்கும் இருந்த பின்னல் கழுத்தோடு போயிற்று. முள் சரியாக வந்து நின்றது. அன்றைக்கு வெள்ளிப் பதக்கம். மேடையில் நிற்கும்போது கழுத்தில் காற்று பட்டது ஞாபகமிருக்கிறது, அழ வேண்டும் போல இருந்ததும், கண்ணீர் வரவில்லை என்பதும், உடம்பில் தண்ணீரே இல்லை வாணி, எங்கிருந்து வரும் என்று சார் சிரித்ததும். அவள் சம்மதித்துத்தானே தலையைத் திருப்பினாள், யார் மேல் குற்றம் சொல்வது. அவர் இப்போது எங்கேயோ பேரன் பேத்தியோடு இருப்பார். அவள்தான் இங்கே மூடிக்குள் கிடக்கிறாள்.

கண் சொருகியது. தூங்கக் கூடாது. மதிவதனியை நினைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள், நினைத்தால் மார்பு படபடக்கும், படபடத்தால் மெஷினுக்குத் தெரிந்துவிடும், அதனாலேயே இப்போது மகளைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பதினான்கு வயது. சமைக்கும்போது இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெண். இரண்டு மாதம் முன்பு பள்ளியில் கோகோ அணிக்கு எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று மகளின் போனை வாங்கிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. தட்டு. அவளுடைய எவர்சில்வர் தட்டு, ஓரம் நசுங்கியது. ஒரு சப்பாத்தியோடு, பிறகு வெறுமையாக. அவளுடைய டிபன் பாக்ஸ், காலையில் மூடுவதற்கு முன், சாயங்காலம் கழுவுவதற்கு முன். சமையலறை அலமாரியில் பொட்டுக்கடலை டப்பா, அளவு தெரிகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது, மூன்று மாதத்துப் படங்கள், எல்லாமே அப்பாவுக்கு அனுப்பியவை, ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் போட்ட கட்டைவிரல். ஒரு படத்தில் அவள் கையே இருந்தது, வாய்க்குப் போகிற வழியில், வளையலோடு. அந்தக் கை யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை, ஏதோ மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. மதி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, போன் அம்மா கையில் இருப்பதைப் பார்த்து நின்றாள். மகளாகவே சொன்னாள். "அப்பாதாம்மா கேட்டார். உன் நல்லதுக்குத்தான்னார்." அழவில்லை அந்தப் பெண். அதுதான். தப்பு செய்த முகமே இல்லை, வீட்டுப்பாடம் செய்து முடித்த முகம். அவர் சந்தேகப்பட்டால் அது அவர் தொழில், வெளியிலிருந்து வந்த மனிதர், ஆனால் இது அவள் வயிற்றுக்குள் கிடந்து, அவள் தின்றதைத் தின்று, அவள் ரத்தத்தில் எலும்பு கட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பத்து மாதமும் அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் இதற்குத்தானே போயிற்று. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையைத் துவட்டு, சளி பிடிக்கும் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். மதியும் வந்து இடுப்பைக் கட்டுவதில்லை. இருவரும் எதுவும் நடக்காதது போல இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள், உப்பு எடுத்துக் கொடு, யூனிபார்ம் காய்ந்துவிட்டதா பார்.

முழங்காலில் அரித்தது. அசையக் கூடாது. அரிப்பைக் கவனிக்காமல் இருக்க மூச்சை எண்ணினாள், பதினொன்றில் வடை வந்து நின்றது. தலைமை எழுத்தர் ஓய்வுபெற்ற அன்று ஆசிரியர்கள் அறையில் கொடுத்த மெதுவடை. பாதி சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஏதாவது சாப்பிட்டாயா என்று அவர் கேட்டபோது இல்லை என்றாள். ஆறு வருஷத்தில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான், அரை வடைக்கு ஒரு பொய், மீதி அரையைக் காகத்துக்கு வைத்தாள், ஆனால் ஆறு வருஷத்து உண்மையையும் அந்த அரை வடை வந்து மூடிக்கொள்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. அது சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, மூச்சைத்தான் பார்க்கிறது. ஒருவேளை மூச்சில் இருக்குமோ, என்றைக்கோ தின்றது, ஒளிந்திருந்து, இன்றைக்குப் பார்த்து வெளியே வருமோ. பைத்தியம். ஆனால் இந்தப் பயம் புதிதல்ல. நடுவில் ஒரு வருஷம் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்திருந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, அவர் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறாள், எடை பார்க்கிற மெஷினும் சொல்கிறது, தனக்குத் தெரியாமல் தானே தின்கிறோமோ, தூக்கத்தில் எழுந்து போகிறோமோ என்று, காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக விரல்களை முகர்ந்து பார்ப்பாள். நெய் வாசனை வருகிறதா, ஊறுகாய் வாசனை வருகிறதா. எதுவும் வராது, சோப்பு வாசனைதான், ஆனால் கழுவியிருந்தால் என்று அடுத்த நினைப்பு வரும். தன் கையைத் தானே முகர்ந்து பார்க்கிற நிலைமைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இதையெல்லாம் அவள் நல்லதுக்குத்தான் செய்தார்கள். இப்போது எண் சரியாக வந்துவிட்டால், எல்லாப் பெண்களுக்கும் போலத்தான் இவளுக்கும் எரிகிறது என்று வந்துவிட்டால், அப்புறம் அவள் பொய்க்காரிதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எண் குறைவாக வந்தால் அவள் பொய் சொல்லவில்லை, உடம்புதான் இத்தனை நாளாகக் கூடவே இருந்து கவிழ்த்திருக்கிறது. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. இரண்டில் எது வந்தாலும் அவள் பக்கம் நிற்க ஆளில்லை. கண்ணோரத்தில் ஈரம் இறங்கிக் காதுக்குள் போயிற்று, துடைக்கக் கையை எடுக்கக் கூடாது. ஜெனிட்டா பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. கால்மாட்டில் மடித்துவைத்திருந்த கம்பளியை எடுத்து அவள் பாதத்தின் மேல் போட்டாள்.

மூடியை எடுத்ததும் அறையின் வெளிச்சத்தில் கண் கூசியது. டாக்டர் உமையாளின் அறையில் தணிகைவேல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், கைப்பையை அவளிடம் கொடுத்தார். டாக்டரம்மா தாளை அவர் பக்கம் நகர்த்தாமல் அவள் பக்கம் நகர்த்தினாள். உங்க உயரம், எடை, வயசுக்கு, நாள் பூரா சும்மா படுத்தே கிடந்தாக்கூட ஆயிரத்து நானூறு கலோரிக்கு மேல எரியணும், உங்களுக்கு எரியறது ஆயிரத்துத் தொண்ணூறு என்றாள். இதயம், ஈரல், மூளை, சிறுநீரகம் இவையெல்லாம் சும்மா இருக்கிற உடம்பிலும் எரித்துக்கொண்டே இருக்கும், தசை இருந்தால் அது இன்னும் கொஞ்சம் எரிக்கும், வயசு, தூக்கம், ஹார்மோன், பிறவி வாகு எல்லாமே இதைக் கூட்டும் குறைக்கும், ஆனால் பட்டினி போடப் போட உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கிக்கொள்ளும், சிலருக்கு அந்தச் சுருக்கம் வருஷக்கணக்கில் அப்படியே நின்றுவிடும் என்று விளக்கினாள். விரல் சில்லிடுவது, முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு தணிகைவேலைப் பார்த்து நிறுத்திச் சொன்னாள்.

"இவங்க சாப்பிடறேன்னு சொல்றதும் இந்த எண்ணும் ஒத்துவருது சார். இவங்க பொய் சொல்லல."

பிறகு அவள் பக்கம் திரும்பி, உங்க உடம்பு உங்களைக் காப்பாத்தத்தான்மா இப்படிப் பண்ணியிருக்கு என்றாள், அன்பாகத்தான் சொன்னாள். காப்பாற்றியதாம். யார் கேட்டது. இருபது வயதில் பின்னலை வெட்டி எடுத்தபோது காப்பாற்றாதது, ஆறு வருஷம் தட்டை நடுவில் வைத்து விசாரணை நடந்தபோது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சாட்சி சொல்லாதது, அவள் கொடுத்த ஒவ்வொரு கவளத்தையும் அவளுக்கே தெரியாமல் பதுக்கிவைத்து அவளையே காட்டிக்கொடுத்தது, இப்போது காப்பாற்றினேன் என்கிறது. எல்லோரும் காப்பாற்றத்தான் செய்கிறார்கள். பொய் சொல்லவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்த உடனே ஏதோ ஒன்று பொங்கி வரும், அழுகையோ சிரிப்போ, என்று இத்தனை நாளாக எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று பார்ப்பது மாதிரி இருந்தது. பக்கத்தில் தணிகைவேல் தாளைக் கையிலெடுத்து, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வேண்டாம், முகத்தில் ஒரு சுருக்கம், கண்ணில் ஒரு தயக்கம், அது போதும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினேழு வருஷமாக மீட்டர் காட்டியதை வைத்தே ஊரை நிறுத்துப் பார்த்த மனிதர், தாளை மேஜையில் வைத்துவிட்டு, "மெஷின் சரியாத்தான் இருக்கா டாக்டர்?" என்றார்.

டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் காலையில் அதைச் சரிபார்ப்பதாகச் சொன்னாள், கொஞ்சம் கடுமையாகவே. இனிமேல் கோகிலவாணி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், பருப்பு, முட்டை, மீன், மறுபடி எடை தூக்க ஆரம்பிக்க வேண்டும், எண் மெதுவாக மேலே வரலாம், வராமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள். தணிகைவேல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே நடைக்கு வந்ததும் அவர் முகம் தெளிந்திருந்தது. ஒரு வழக்கு வேறு விதமாக முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்பது போல இருந்தது. மருந்துச் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யோசித்து, நல்ல யோசனை ஒன்று தோன்றியவர் குரலில் சொன்னார். "மதியையும் ஒருநாள் கூட்டிட்டு வந்து இதுல படுக்க வெச்சிடலாமா? அவளும் இப்ப ஊத ஆரம்பிச்சிருக்கா. உன் உடம்பு வாகா, இல்ல கண்டதையும் திங்கறாளான்னு தெரிஞ்சுடும்."

நடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலி ஒன்று வழி கேட்டு நின்றது, அவள் விலகி நின்றாள். ஈரத் தலையோடு நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள், வீட்டுப்பாடம் முடித்த முகம். அந்த முகத்துக்குத் தெரியாது, அடுத்த தட்டு அதனுடையது என்று. மகள் மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டதா என்று கோகிலவாணி தன்னைக் கேட்டுக்கொண்டாள். போகவில்லை. அது அப்படியே இருந்தது, நெஞ்சுக்குள் கல் மாதிரி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

"அவ தட்டுப் பக்கம் நீங்க திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றாள்.

அவர் சிரித்தார். நல்லதுக்குத்தானே சொல்றேன் என்றார். அவள் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "பார்க்கக் கூடாது. யாரையும் பார்த்துச் சொல்லச் சொல்லவும் கூடாது. பார்த்தீங்கன்னா நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்." மைதானத்தில் கோட்டைத் தாண்டி வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல் அது, வீட்டில் அவர் அதைக் கேட்டதில்லை. சிரிப்பு அவர் முகத்தில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. இப்ப என்ன சொல்லிட்டேன் என்றார். பிறகு அவரே, சரி விடு, கோபமா இருக்கே என்றார்.

"பசிக்குது" என்றாள் கோகிலவாணி.

அந்த வார்த்தை அவர்களுக்கு நடுவில் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அதைச் சொல்வதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒன்றாக இருந்ததால், அவள் அதைப் பள்ளியில்கூடச் சொல்வதை விட்டிருந்தாள். தணிகைவேல் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை ஆகியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கும்போது அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேன்டீன் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.